குருதிப் பருமனா, குருதிக் கனஅளவா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒருவர் உடலில் மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கும் என்று உயரம், எடையை வைத்துச் சொல்லும் கணக்கை ஆங்கிலத்தில் estimated blood volume என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைக்கலாம் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

'இரத்த அளவு' போதும், எளிமையாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எளிமைதான். ஆனால் "ரத்த அளவு கம்மியா இருக்கு, பேரீச்சம்பழம் சாப்பிடும்மா" என்று வீட்டில் சொன்னால் அது ஹீமோகுளோபினைப் பற்றிய பேச்சு, உடலில் மொத்தம் எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது வேறு. நாள்பட்ட சோகை உள்ளவருக்கும் மொத்த லிட்டர் இயல்பாகவே இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல் கூடவே கூடாது.

அப்புறம் 'குருதிப் பருமன்'. volume என்பதற்குப் பருமன் இயற்பியல் பாடத்தில் பழகிய சொல்தான், ஆனால் இந்தக் கணக்கில் சிக்கலே உடல் பருமனால் வருகிறது. ஆணுக்குக் கிலோவுக்கு 70 மில்லி, பெண்ணுக்கு 65 என்று பெருக்குவது நடுத்தர உடம்புக்குச் சரி. கொழுப்பில் ரத்தம் குறைவு என்பதால் எடை ஏற ஏற அந்தப் பெருக்கல் மிகையாகக் காட்டும். 1962இல் நாட்லர் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட சூத்திரம் உயரத்தையும் எடையையும் தனித்தனியே எடுத்துக்கொள்கிறது: ஆண்களுக்கு, மீட்டரில் உயரத்தின் மும்மடியை 0.3669ஆல் பெருக்கி, கிலோவில் எடையை 0.03219ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி 0.6041 சேர்த்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 1.70 மீட்டர், 70 கிலோ ஆணுக்கு 4.66 லிட்டர், வெறும் பெருக்கலில் 4.9. சரி, பெரிய வித்தியாசமில்லை. அதே உயரத்தில் 120 கிலோ என்றால் சூத்திரம் 6.27 என்கிறது, பெருக்கல் 8.4 என்கிறது! இல்லாத இரண்டு லிட்டரை நம்பி அறுவை அரங்கில் ரத்த இழப்புக்கு எல்லை வகுத்தால் ஆபத்து. இதை விளக்க "உடல் பருமன் கூடும் வீதத்தில் குருதிப் பருமன் கூடாது" என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் முதல் வரியிலேயே தடுக்கி நிற்பார்.

ஆகவே கனஅளவு. இலங்கையில் கனவளவு என்பார்கள், அங்கே பாடநூல்களில் குருதி என்பதும் பழக்கம், இரு கரைக்கும் ஒத்துவரும்.

முன்னொட்டாகக் 'கணிப்பு' வேண்டாம், தேர்தல் வாடை அடிக்கிறது. சாயமோ, கதிரியக்கம் சேர்த்த அல்புமின் என்ற புரதமோ ரத்தத்தில் ஏற்றி, அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்த்துச் சொல்வது 'அளந்த' கனஅளவு. உயரம், எடையிலிருந்து வருவது 'மதிப்பிட்ட' கனஅளவு. அடிபட்டு ரத்தம் போனவருக்கும் சூத்திரம் அதே எண்ணைத்தான் தரும், அதாவது நலமாக இருக்கையில் இருக்க வேண்டியதை. விளக்கக் குறிப்பில் இது கட்டாயம் வரவேண்டும்.

என் பரிந்துரை: மதிப்பிட்ட குருதிக் கனஅளவு. வாக்கியத்தில்: "இவருடைய மதிப்பிட்ட குருதிக் கனஅளவு 4.66 லிட்டர், அதில் 15 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 700 மில்லி."