வீடிழந்த குடும்பங்களுக்கு ‘முதலில் வீடு’: இரண்டு நாள் பயிற்சியில் எதற்கு நேரம் கொடுப்பது?

வைகைக்கரை:
அமெரிக்க மிட்வெஸ்டில் ஒரு நடுத்தரக் கவுண்டி. வீடிழந்த குடும்பங்களுக்கு வேலை செய்யும் அமைப்புகளுக்கு இரண்டு நாள் பயிற்சி: ஷெல்டர்கள், ஒரு இடைக்கால விடுதி, பள்ளி மாவட்டம், கவுண்டி அலுவலகம். இப்போதைய நடைமுறையில் முதலில் ஷெல்டர், பிறகு விடுதியில் வகுப்பு, சேமிப்பு, அதெல்லாம் முடிந்தால்தான் வீடு. இதை ரேபிட் ரீஹவுசிங்குக்கு (நிபந்தனை போடாமல் சீக்கிரம் வாடகை வீடு பிடித்துக் கொடுத்து, கொஞ்ச காலம் வாடகைக்கும் உதவுவது) கொண்டுவர வேண்டும். ஸ்லைடு போட்டுக் கொள்கை பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நேரத்தை எதில் போடலாம்? எங்கே சறுக்கும்?

கயல்:
கொள்கைக்கு ஒரு மணி நேரம் போதுங்க. ‘இது தனி ஆட்களுக்குத்தான் சரிவரும்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். லாஸ் ஏஞ்சலிஸில் டான்யா டல் 1988-இல் தொடங்கிய பியாண்ட் ஷெல்டர் அமைப்பு குடும்பங்களை வைத்துத்தான் இதைச் செய்தது. தனி ஆட்களுக்கு ‘முதலில் வீடு’ கொடுத்துப் பேர்பெற்ற நியூயார்க்கின் பாத்வேஸ் அமைப்பு வந்ததே 1992-இல்தான். அதைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வேலை மூன்று: வீடு பிடிப்பது, வாடகைக்குப் பணம் கொடுப்பது, குடிபோன பிறகும் கூட நிற்பது. பெரும்பாலும் நொண்டுவது முதலாவதுதான். குடும்பத்தைக் கவனிக்கும் கேஸ் வொர்க்கரையே வீடும் தேடச் சொல்வார்கள். ஒரு அவசரக் கேஸ் வந்ததும் ஓனருக்குப் போன் பண்ணுவது நாளைக்குப் போய்விடும். அதற்கென்றே தனி ஆள் வேண்டும்.

பயிற்சிக்கு இரண்டு வீட்டு ஓனர்களைக் கூப்பிடுங்கள். வாடகை எந்தத் தேதியில் வரும், கதவு உடைந்தால் யார் பணம், ராத்திரி சத்தம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றுதான் கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரே பக்கத்தில் பதில் எழுதி, எடுக்க ஆளிருக்கும் போன் நம்பரையும் போடச் சொல்லுங்கள். அதை எழுத முடியாத அமைப்பு இன்னும் தயாராகவில்லை.

விண்ணப்பப் படிவங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘வேலை இருக்க வேண்டும்’, ‘வகுப்பு முடித்திருக்க வேண்டும்’ என்ற வரிகள் எங்காவது ஒளிந்திருக்கும், அங்கேயே அடிக்கவையுங்கள். பழைய வாடகைப் பாக்கி, வெளியேற்ற வழக்கு எல்லாம் எந்த ஓனரிடம் பேசலாம் என்று முடிவெடுக்க உதவும் தகவல். குடும்பத்தைத் திருப்பி அனுப்ப அது காரணம் ஆகாது.

கணக்குப்பிள்ளை:
பணக் கணக்கைப் பேப்பரில் போடவையுங்கள். தாயும் இரண்டு பிள்ளைகளும். மாத வருமானம் 1,900 டாலர், வாடகை 1,400 என்று வையுங்கள். வருமானத்தில் 30% அவர்கள் கட்டினால் 570, மீதி 830 உங்களுடையது. உதவி நிற்கிற மாதமே வருமானத்தில் ஏறக்குறைய 74% வாடகைக்குப் போய்விடும். எல்லோருக்கும் மூன்று மாதம், அதோடு சரி என்று வைத்தால் இங்கேதான் உடையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நீட்டுங்கள். எந்த மூன்று ஆண்டிலும் 24 மாதம் வரை உதவ மத்திய அரசின் விதி இடம் தருகிறது. டெபாசிட்டும் இரண்டு மாத வாடகை வரை கொடுக்கலாம். மத்திய அரசு வீடற்றோர் பணிக்குத் தரும் சிஓசி நிதியென்றால் லீஸ் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். கேஸ் வொர்க்கர் மாதம் ஒருமுறையாவது குடும்பத்தைச் சந்திக்க வேண்டும்.

குடிபோகும் முன் நடக்கும் வீட்டுச் சோதனையில் கைநழுவும் வீடுகள் நிறைய. 1978-க்கு முன் கட்டிய வீடு, ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை என்றால் ஈயப் பெயிண்ட் பார்த்தாக வேண்டும். ஜன்னல் கட்டையில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தால், சரிசெய்து முடிப்பதற்குள் ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் வீடு பார்க்கப் போகிறவரே முதல் நாளிலேயே ஜன்னல், கதவு நிலை, வராந்தாக் கம்பி மூன்றையும் பார்த்துப் போட்டோ எடுத்துவரப் பழக்குங்கள்.

வடக்குவாசல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மேடையில் நின்று அதிகமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் 12 இடங்களில் 2,282 குடும்பங்களை வைத்து ஃபேமிலி ஆப்ஷன்ஸ் ஆய்வு நடத்தியது. நீண்டகால வவுச்சருக்கு (வாடகையில் ஒரு பகுதியை அரசே கட்டும் உதவி) முன்னுரிமை கிடைத்தவர்களிடையே மீண்டும் வீடிழப்பது பாதிக்கும் கீழே இறங்கியது. ரேபிட் ரீஹவுசிங் பிரிவில் பலன் வழக்கமான வழியைப் போலத்தான் இருந்தது. செலவு மட்டும் குறைவு. இது குடும்பத்தைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரும் வழி. வறுமையைத் தீர்க்கும் என்று சொன்னால் அடுத்த வருடம் உங்களையே கேட்பார்கள். வவுச்சர் காத்திருப்புப் பட்டியல் திறந்திருந்தால், குடும்பம் வந்த வாரமே விண்ணப்பம் போட வேண்டும். கணக்குப்பிள்ளை காட்டிய அந்த 74% இடைவெளியை அடைக்க வேறு பெரிய வழி கிடையாது.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. பள்ளி மாவட்டத்துக்காரர்களை எதில் சேர்ப்பது? ‘நாங்கள் அனுப்பும் குடும்பத்தை யாரும் எடுப்பதே இல்லை’ என்று கோபமாக இருக்கிறார்கள்.

கயல்:
கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இடமில்லாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி பள்ளிக்கு வீடற்ற பிள்ளைதான். ஆனால் உதவி யாருக்கு என்று ஹட் பிரித்திருக்கும் வீடற்றோர் வகைகளில் முதலாவதில் அந்தக் குடும்பம் வராது. ‘நேற்று ராத்திரி எங்கே படுத்தார்கள்’ என்று ஒரு அட்டவணை போடுங்கள். கார் என்றால் சேரும். மோட்டலுக்குக் கவுண்டியோ தொண்டு அமைப்போ பணம் கட்டினால் சேரும், குடும்பமே கட்டினால் சேராது. அடி உதைக்குத் தப்பி வந்தவர்களுக்குத் தனி வகை உண்டு. சேராதவர்களை வீடிழப்பதைத் தடுக்கும் நிதிக்கு அனுப்பிப் பாருங்கள்.

இன்னொன்று: கல்வியாண்டு நடுவில் நிரந்தர வீடு கிடைத்தாலும், பிள்ளைக்கு நல்லது அதுதான் என்றால் அந்த ஆண்டு முடியும்வரை பழைய பள்ளியிலேயே படிக்கலாம், போய்வர வண்டி வசதியும் கேட்கலாம். இது தெரியாமல் பல கேஸ் வொர்க்கர்கள் அந்தப் பள்ளி எல்லைக்குள் மட்டும் வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்காரர்கள் முதலில் இதை எடுத்துச் சொல்லட்டும்.