அப்பாவின் குதிகாலில் கறுப்புத் திட்டு: 78 வயசில் பயாப்சி தேவையா?

பட்டர்வர்த் மகள்:
வணக்கம். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இனிப்பு நீர் உண்டு. வலது குதிகாலில் கறுப்புத் திட்டு. போன தீபாவளிக்கு இருபது காசு அகலம்தான். இப்போ ஓரமெல்லாம் கோணல்மாணலா பரவி, நடுவில் புண்ணாகி நீர் வடியுது. கிளினிக்கில் கொடுத்த கிரீம் கேட்கலை. இன்னொரு டாக்டர், பயாப்சி (துண்டு எடுத்துச் சோதிக்கிறது) செய்யச் சொல்லிப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் கொடுத்திருக்கார். அண்ணன், "கத்தி பட்டா பரவிடும், இருக்கிற காலம் நிம்மதியா இருக்கட்டும்"கிறார். அப்பா மஞ்சள் பத்து போடுறார். அப்படியே விட்டா என்ன ஆகும்?

ஜெலுத்தோங் தாதி (ஓய்வு):
தங்கச்சி, விட்டுடாதீங்க. நம்ம நிறத்துக்குத் தோல் புற்று வராதுன்னு நினைக்கிறோம். நம்மவங்களுக்கு மெலனோமாங்கிற தோல் புற்று வந்தா வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் தொடங்கி மூளை வரை போச்சு. 1981ல் இறந்தப்போ வயசு 36.

அகலமாகுறது கண்ணுக்குத் தெரியும், ஆழமா இறங்குறதுதான் ஆபத்து. 1 மில்லிமீட்டருக்குள் இருந்தா பெரும்பாலும் வெட்டி எடுக்கிறதோட முடியும். ஆழமானா தொடை இடுக்கு நெறிக்கட்டி, பிறகு நுரையீரல், ஈரல்.

முத்தின பிறகு வந்த ஒரு தாத்தாவுக்கு நான் டிரெஸ்ஸிங் செய்திருக்கேன். புண்ணோடு ஒட்டின துணியைச் சலைன் ஊற்றி ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்கணும். எடுத்ததும் ரத்தம் கசியும். இடுக்கில் கோழிமுட்டை அளவு கட்டி. நாற்றத்துக்குப் பயந்து பேரப்பிள்ளைகளைக் கிட்டே வராதேன்னு அவரே விரட்டுவார். அண்ணன் சொல்ற நிம்மதி இதில் எங்கே இருக்கு?

பயாப்சியால் பரவும்கிறது உண்மையில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுப்பாங்க. வெறும் இனிப்பு நீர் புண்ணாகவும் இருக்கலாம், ஆனா பார்வையில் அதை யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டா டாக்டரிடம் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மஞ்சளை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்க, நிறமே தெரியாமல் போயிடும்.

கெப்பாலா பத்தாஸ் மருமகள்:
என் மாமியாருக்கு மூக்கோரம் வந்தது பேசல் செல்ங்கிற வேற வகைத் தோல் புற்று. உடம்பெல்லாம் பரவுறது அபூர்வமாம். ஆனா வருஷக்கணக்கா விட்டதில் மூக்கு மடலை அரித்துக் கண்ணோரம் வந்திடுச்சு. ஆபரேஷன் தாங்காதுன்னு ரேடியோதெரபி (கதிர் சிகிச்சை) கொடுத்தாங்க. வயசானவங்களுக்கும் வழி இருக்கு, கேட்டுப் பாருங்க.

பட்டர்வர்த் மகள்:
நன்றி அக்கா. அப்பாவுக்குக் காலையே எடுத்துடுவாங்களோன்னு பயம். கூட வேலை செய்தவருக்கு அப்படி ஆச்சாம்.

ஜெலுத்தோங் தாதி (ஓய்வு):
அந்தப் பயத்தை அவரே டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். பயாப்சிக்குப் போடுற கையெழுத்து அந்தத் துண்டுக்கு மட்டும்தான். வேற எது செய்யணும்னாலும் மறுபடி அவர் சம்மதம் வேணும். அண்ணனையும் உள்ளே கூட்டிப் போங்க. தொடை இடுக்கையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. காலையில் சாப்பிட வைச்சே கூட்டிப் போங்க, கியூ நீளமா இருந்தா இனிப்பு நீர் இறங்கிடும்.