பொன்னுருவிக்குக் கதை எழுதலாமா? கூத்து ரசிகர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: தையல்காரி, ராணிப்பேட்டை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஊராகத் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறத் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். நான் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். மறுநாள் காலையில் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டியிருப்பதால் எல்லா இரவுகளும் கண்விழிக்க முடியாது. ஆனாலும் கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் ஆடப்படும் இரவுகளை எப்பாடுபட்டாவது தவறவிடாமல் பார்த்துவிடுவேன்.

நம் நண்பர்களில் சிலர் தங்களுக்குப் பிடித்த திரைப்பட நாயகர்களை வரைகிறார்கள், சிலர் தொடர்கதைகளின் பாத்திரங்களுக்குப் புதிய சம்பவங்களை எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பித்து முழுவதும் கூத்தின் மீதுதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை விளக்கில் உட்கார்ந்து, பார்த்த வேடங்களை நோட்டில் வரைவேன்; பக்கத்திலேயே ஏதாவது எழுதியும் வைப்பேன்.

இப்போது கூத்தில் கர்ணனின் மனைவியாக வரும் பொன்னுருவியைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கர்ணன் களத்துக்குப் புறப்படும் முன் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் அவன் குலத்தைச் சொல்லி இழித்துப் பேசுகிறாள். தான் குந்தியின் மகன் என்பதை அவன் சொன்னதும் உடைந்துபோகிறாள். நான் பார்த்த ஆட்டங்களில், அவன் புறப்பட்டவுடன் கூத்தும் அவனோடு களத்துக்குப் போய்விடுகிறது. அவன் கிளம்பிய நேரத்துக்கும் அவன் வீழ்ந்த செய்தி வந்து சேரும் நேரத்துக்கும் இடையில் அவள் அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பாள் என்பதைத்தான் எழுதுகிறேன். அவன் குடித்துவிட்டு வைத்த செம்பில் பாதித் தண்ணீர் இருக்கிறது. அதைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை, எடுத்துக் குடிக்கவும் துணிவில்லை. அங்கே வந்து கதை நின்றிருக்கிறது.

நின்றதற்குக் காரணம் என் அத்தை கேட்ட கேள்வி. “காப்புக் கட்டி, விரதமிருந்து, அம்மன் சன்னதிக்கு எதிரில் ஆடுகிற கதை. அதில் உன் இஷ்டத்துக்குக் கை வைக்கலாமா?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல இயலவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கூத்து நடக்கும் களரியில் உட்கார்ந்தே வரைய விரும்புகிறேன். ஆனால் பார்வையாளர் பக்கம் இருட்டாக இருக்கிறது, வேடமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: செய்யாற்றங்கரை

அம்மா, உங்கள் அத்தையின் கேள்வி மதிக்கத்தக்கது. அதற்கு அதே மரியாதையோடு பதில் தேடுவோம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். புரிசைக்கு அருகில் பிறந்தவன். எங்கள் ஊர் 1989 வரை உங்கள் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டம் பிரிந்தாலும் கூத்து பிரியவில்லை.

முதலில் ஒரு செய்தி. வியாச பாரதத்தில் பொன்னுருவி என்ற பெயரே கிடையாது. போர் முடிந்தபின் வரும் ஸ்திரீ பர்வத்தில், களத்தைப் பார்த்துக் கண்ணீர் விடும் காந்தாரி, கர்ணனின் உடல்மேல் விழுந்து அழும் அவன் மனைவியைக் கண்ணனுக்குக் காட்டுகிறாள். விருஷசேனனின் தாய் என்றுதான் அவள் அறியப்படுகிறாளே தவிர, அவளுக்கென்று ஒரு பெயர் அங்கே சொல்லப்படவில்லை. அந்தப் பெயரற்ற அழுகைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் கணவனுக்கும் இடையில் ஒரு வழக்கு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தவர்கள் நம் தமிழ் மக்கள். பொன்னுருவி அவர்கள் படைத்த பாத்திரம். உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்டதால்தான் அவள் களரிக்கு வந்தாள். ஆகவே, எழுதலாமா என்ற கேள்விக்கு மரபே ஆம் என்று விடை சொல்லிவிட்டது.

புரிசைக் கூத்துக் குழுவினரையும் நினைத்துப் பாருங்கள். கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் காலத்திலிருந்து பாரதக் கூத்தைச் சிறிதும் விட்டுக்கொடுக்காமல் ஆடிவந்த அதே குழு, வெளிநாட்டு நாடகங்களையும் சிறுகதைகளையும்கூடக் கூத்து வடிவில் ஆடியிருக்கிறது. கோயில் களரியில் எதை ஆடுவது, வெளியரங்கில் எதை ஆடுவது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. உங்கள் நோட்டு வெளியரங்கைச் சேர்ந்தது. அதை அத்தையிடம் சொல்லுங்கள்.

இருந்தாலும் ஓர் எல்லையை வற்புறுத்துவேன். இந்தக் கதையில் சில கட்டங்கள் ஊரின் பிரார்த்தனையோடு கட்டப்பட்டவை. அர்ச்சுனன் தபசின்போது வேடக்காரர் உயர்ந்த மரத்தின் மீது பாடியபடியே ஏறி மேலிருந்து எலுமிச்சம் பழத்தையும் திருநீற்றையும் வீசுகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் மடியேந்திக் காத்திருக்கிறார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனின் தொடையிலிருந்து எடுக்கும் செந்நீரைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிக்கும்போது ஊரே கைகூப்பி நிற்கிறது. இவற்றை மாற்றி எழுதுவதும், கர்ணன் பிழைத்து வருவதாக எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. அவன் வீழ்வான் என்பது தெரிந்திருப்பதால்தான் அந்தச் செம்புத் தண்ணீர் படிப்பவர் மனத்தில் கனக்கிறது. பொன்னுருவியின் கடுஞ்சொல்லையும் மழுப்ப வேண்டாம். அவளை நல்லவளாக்கிவிட்டால் அவளுக்கு அந்தப் பகலில் சுமக்க எதுவும் மிஞ்சாது.

பதில்: மத்தளத்தார் வீட்டுப் பிள்ளை, ஆரணி

அக்கா, என் அப்பா மத்தளம் வாசிப்பவர். நானும் விடுமுறை நாட்களில் பின்பாட்டுக்கு உட்காருவேன். ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கூத்தில் விருத்தம், தரு என்னும் பாட்டுகள் பாடம் செய்தவை. அவற்றை யாரும் மாற்றமாட்டார்கள். வசனம் அப்படியன்று. கதையின் போக்கு கெடாமல் அந்தந்த ஊருக்கும் நேரத்துக்கும் தக்கபடி பேசிக்கொள்வார்கள். கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு இதில் முழு உரிமை உண்டு. அவன் அத்தினாபுரத்து அரசனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஊர்க் குழாயில் தண்ணீர் வராததையும் சொல்லிவிடுவான். எனவே பாட்டு நிற்கும் இடத்தில் பேச்சு தன் வழியில் போகலாம் என்பது எங்களுக்கு அன்றாட நடைமுறை. நீங்கள் எழுதுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் நீங்கள் எழுதும் பொன்னுருவியைப் பற்றிச் சொன்னேன். “அந்தப் பெண் வீட்டில் தனியாக இருக்கும்போது எந்தப் பாட்டை நினைத்துக்கொள்வாள் என்று அந்த அம்மாவைக் கேள்” என்றார். மனத்தாங்கல் எதுவும் இருந்திருந்தால் அவர் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்.

வரைவதற்கு, ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேடம் கட்டும் கொட்டகைக்கு வாருங்கள். அங்கே வெளிச்சம் உண்டு, ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டக்காரர் கையில் சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார். துரியோதனனுக்குச் சிவப்பைப் பூசி, அது காய்ந்த பிறகு புருவத்தையும் மீசையையும் கறுப்பில் இழுத்து, அதன் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளை வைத்துக்கொண்டு போகும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். பிறகு கட்டைகளைக் கட்டுவார்கள். கிரீடம், தோளுக்கான புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லுகளும் பதித்தவை. அவற்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதற்கு இன்னொருவர் துணை வேண்டும். விடியும்வரை சுழன்றாலும் நழுவக்கூடாது என்பதால் அக்குளைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். ஆட்டம் முடிந்து அவிழ்க்கும்போது தோளில் கயிற்றுத் தடம் சிவந்து கிடக்கும். தயவு செய்து அந்தத் தடத்தையும் ஒருமுறை வரையுங்கள். கிரீடத்தை வரைபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பொன்னுருவி வேடம் பெரும்பாலும் ஆண்கள் கட்டுவது. சில குழுக்களில் இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். தன் காட்சி முடிந்ததும் அந்த ஆட்டக்காரர் கொட்டகைக்குள் வந்து, புடவையோடு ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்; வெளியே கர்ணனின் பாட்டு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உங்கள் கதைக்கு அந்தக் காட்சி உதவும் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். கைப்பேசியின் பிளாஷ் வெளிச்சத்தை வேடக்காரர் முகத்தில் அடிக்காதீர்கள். திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டுக் கிறிக்கி அடித்துச் சுழலும் நேரத்தில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் கால் தடுமாறிவிடும்.

பதில்: கோட்டை மதில், வேலூர்

சகோதரிக்கு வணக்கம். நான் வரைகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கோட்டைக்குள் உட்கார்ந்து வரைவது வழக்கம். இருட்டில் வரைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரவில் ரப்பரும் கூர்மையான பென்சிலும் பயன்படாது. 6பி பென்சிலோ, தடித்த கறுப்புப் பேனாவோ போதும். தாள் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்துக் களரியிலிருந்து பார்வையைப் பிரித்துவிடும். தாளைப் பார்க்காமலே கோடு இழுக்கப் பழகுங்கள். முகத்திலிருந்து தொடங்காதீர்கள். கட்டை வேடக்காரர் சுழலும்போது பாவாடை விரிந்து பெரிய வட்டமாகும், தோள்கட்டைகள் இரண்டும் அகன்று நிற்கும், தலைக்கு மேல் கிரீடம் கூம்பும். இந்த மூன்றையும் மூன்று கோடுகளில் பிடித்துவிட்டால் வேடம் தாளில் வந்துவிடும். கண்ணும் மீசையும் வீட்டுக்கு வந்து சேர்க்கலாம்.

வேடக்காரர் ஓயாமல் சுழல்வதுபோல் தோன்றினாலும் ஒவ்வொரு தருவின் முடிவிலும் தாளத்தோடு ஒருமுறை நிற்பார். மத்தளத்தைக் கவனித்தால் அந்த நிறுத்தம் வரப்போவது முன்கூட்டியே தெரியும். அதுவரை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். திரைப் பிரவேசமும் நல்ல வாய்ப்பு: இருவர் பிடித்திருக்கும் திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும், கீழே சலங்கை கட்டிய கால்களும் மட்டும் நெடுநேரம் தெரியும்.

பகலில் பயிற்சி செய்ய ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைவிடச் சிறந்த இடம் நம் ஊரில் இல்லை. 1981இல் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டு வழிபாடு தொடங்கியது முதல் கூட்டம் வருகிற கோயில் அது; காலையிலேயே போய்விடுங்கள். தூண்களில் பாயும் யாளிகள்மீதும் குதிரைகள்மீதும் அமர்ந்திருக்கும் வீரர்களைப் பாருங்கள்: வளைந்த இடுப்பு, ஊன்றிய கால், ஓங்கிய கை. கூத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும் நிலைகள் அங்கே உங்களுக்காக அசையாமல் நிற்கின்றன. காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாகச் செதுக்கியிருக்கும் சிற்பத்தை, ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்துக்கொண்டு வரைந்து பாருங்கள். எந்தக் கோடு எதற்கு உரியது என்று கண்ணுக்குப் பழக்கம் வரும்.

கதையைப் பற்றி ஆசிரியர் ஐயாவிடம் ஓரளவு மாறுபடுகிறேன். கர்ணன் திரும்பி வருவதாக ஒருமுறை எழுதிப் பார்ப்பதில் குற்றமில்லை என்பது என் எண்ணம். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அவன் வாசலில் வந்து நின்றால் பொன்னுருவி முதலில் என்ன சொல்வாள் என்பது தெரிந்த பிறகுதான், அதைச் சொல்ல வாய்ப்பில்லாமற்போனவளை எழுத முடியும்.

தையல்காரி

மூவருக்கும் என் நன்றி. ஐயா சொன்ன எல்லைக்குள்தான் கதை முடியும். கர்ணன் திரும்பி வரமாட்டான். ஆனால் கோட்டை மதில் அண்ணன் சொன்னபடி அந்த வாசல் காட்சியைத் தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டாள். அந்தத் தாளை வெளியிடப் போவதில்லை. கதையில் அவள் அந்த வேளைக்கும் உலை வைப்பதாக மட்டும் சேர்த்திருக்கிறேன்.

ஐயாவின் பதிலை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். காந்தாரி காட்டிய அந்தப் பெயரில்லாத மனைவியைப் பற்றி இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். அடுத்த கூத்துக்குத் தானும் கொட்டகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி, பெண்கள் இருவர் அங்கே வந்து உட்காருவதால் ஆட்டக்காரர்களுக்குக் கூச்சம் ஏற்படாதா? யாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

மத்தளத்தார் வீட்டுப் பிள்ளை

கூச்சமெல்லாம் இல்லை, அக்கா. பொழுது சாய்வதற்குள் வந்து வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவரே இடம் காட்டுவார். உடை மாற்றும் நேரத்தில் மட்டும் சிறிது வெளியே இருந்தால் போதும். முகம் எழுதிக்கொண்டிருப்பவரிடம் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்க வேண்டாம். வரைந்து முடித்ததும் படத்தை அவரிடம் காட்டுங்கள். புருவம் சரியாக வந்திருக்கிறதா என்று அவர்தான் சொல்லவேண்டும். அத்தைக்கு உட்கார ஒரு பாய் கொண்டுவாருங்கள், கொட்டகையில் வெறும் தரைதான்.