நேரில் பார்த்த ஆண்டர்டாங்க் ஓவியம்

டெக்சஸில் மார்ச் கடைசியில் சாலையோரமெல்லாம் புளூபானட் பூத்துவிட்டால், பிள்ளைகளைப் பூவுக்கு நடுவே உட்காரவைத்துப் படம் எடுக்காத நம்மாட்கள் வீடே கிடையாது. அதே பூவை ஓவியமாகப் பார்த்தால்தான் எனக்கு அலுப்பு. காலண்டர், ஓட்டல் வரவேற்பறை, பல் டாக்டர் கிளினிக் என்று எங்கே போனாலும் ஒரு நீல வயல். இதையெல்லாம் தொடங்கி வைத்தவர் ஜூலியன் ஆண்டர்டாங்க் என்று படித்திருந்ததால், டாலஸ் மியூசியத்தில் அவர் படத்துக்கு முன்னால் சும்மா ஒரு கடமைக்குத்தான் நின்றேன்.

கிட்டே போனால் பூவையே காணோம்! கீழ் ஓரத்தில் மட்டும் கெட்டியான நீலத் தீற்றல்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. கொஞ்சம் மேலே பார்வையை நகர்த்தினால் நீலம் ஊதாவாகி, பிறகு சாம்பல் கலந்து, ஓக் மரங்களின் அடியில் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்துவிடுகிறது. நாலடி பின்னால் வந்தால் வயல் மறுபடி பூத்துக் கிடக்கிறது. மனுஷன் மெனக்கெட்டதெல்லாம் காலை மூட்டத்துக்காகத்தான், பூ அதற்கு ஒரு சாக்கு என்று எனக்குப் பட்டது. அச்சுப் பிரதிகளில் முதலில் காணாமல் போவதும் அந்த மூட்டம்தான், நீலத்தை மட்டும் பளிச்சென்று ஏற்றிவிடுகிறார்கள்.

அப்புறம் உட்கார்ந்து அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். சான் அன்டோனியோக்காரர், 1882இல் பிறந்தவர். அப்பா ராபர்ட்டும் ஓவியர்தான், டெக்சஸ் விடுதலைப் போரில் அலமோ கோட்டை வீழ்ந்ததை வரைந்தவர். ஜூலியன் 1901இல் நியூயார்க் பக்கம் போய் வில்லியம் மெரிட் சேஸிடம் படித்தார். மாணவர்களை வெட்டவெளிக்குக் கூட்டிப்போய் அங்கேயே வரையவைக்கிற வாத்தியார் அவர். படிப்பு நன்றாகத்தான் அமைந்தது, பிழைப்புதான் திண்டாட்டம். வேறு பெயர்களில் கையெழுத்துப் போட்டுக்கூடப் படங்களை விற்றிருக்கிறார். 1909இல் ஊர் திரும்பிய பிறகு வந்தவைதான் இந்த நீல வயல்கள். அதற்கும் பதின்மூன்று வருஷம்தான் கிடைத்தது. 1922இல், நாற்பது வயதில், போய்விட்டார். ரொம்பப் பின்னாளில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் ஓவல் அலுவலகத்தில் இவர் ஓவியங்களை மாட்டியிருந்தார்.

புளூபானட்டை விட அவருடைய கள்ளிச்செடி ஓவியங்கள் எனக்கு ஒரு படி மேல். ஆனால் அவற்றைத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவர் தங்கை எலினார் பல வருஷம் கலைப்பிரிவைக் கவனித்துக்கொண்ட விட்டி மியூசியம் சான் அன்டோனியோவில் இருக்கிறது, இன்னும் போகவில்லை. அங்கே போனவர்கள் யாராவது இருந்தால், எதெல்லாம் பார்த்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.