வீட்டுக்காரர் குழுவில் இல்லீங்களே சார்

பாலக்கோட்டிலிருந்து

சுய உதவிக் குழு என்று யாரும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை, 'சங்கம்'தான். தமிழ்நாட்டில் இது முதலில் வேர்விட்டதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ல் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் இங்கே தொடங்கியது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரிக்குள்தான் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது.

அம்மா சில வருடம் கழித்துத்தான் சேர்ந்தார். வாரம் பத்து ரூபாய் சேமிப்பு. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், வங்கியில் காட்டுவதற்காகவே என் பழைய சிலேட்டில் பெயர் எழுதிப் பழகினார். முதல் கடன் கேட்கப் போன அன்று அங்கிருந்த அதிகாரி, "வீட்டுக்காரர் எங்கம்மா? அவரை வரச் சொல்லு" என்றாராம். "அவரு குழுவுல இல்லீங்களே சார்" என்றாராம் அம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கடன் அன்றைக்குக் கிடைக்கவில்லை, மூன்று நடை நடந்த பிறகுதான் கிடைத்தது.

அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு வந்தது. பால் பணம் என் ஃபீசுக்குப் போனது. எல்லாரும் சொல்லும் கதைதான் இது. எனக்கு நினைவில் நிற்பது வாரக் கூட்டம். கணக்கு அரை மணியில் முடிந்துவிடும், பேச்சு முடியாது. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு, பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்புக் கறை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. இவர்களால்தான் வந்தது என்று அளக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் குழாய் எந்தத் தெரு முக்கில் வரவேண்டும் என்று கிராம சபையில் எழுந்து நின்று கேட்டது சங்கத்துப் பெண்கள்தான். அதுவரை அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெண் போய் நான் பார்த்ததில்லை.

கிருஷ்ணகிரி பக்கம்

அக்கா, உங்கள் அம்மா சொன்ன பதிலைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் புளி. தை கழிந்தால் வீட்டுக்கு வீடு புளி தட்டும் சத்தம்தான். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனி வெந்து சோறு பிசைய முடியாது.

ஒரு வருடம் குழுக் கடனில் நாங்களே நாலு மரம் குத்தகைக்கு எடுத்தோம். உள்ளதைச் சொன்னால், அந்த வருடம் நஷ்டம். காயவைத்த புளியை மழை நனைத்துவிட்டது. அடுத்த வருடம் தார்ப்பாய் வாங்கினோம், கொஞ்சம் நின்றது. லாபத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. சந்தையில் அன்றைக்கு என்ன விலை என்று தெரிந்துவிட்டது. அப்புறம் கூலிக்குத் தட்டும்போதும் வியாபாரி சொன்ன ரேட்டுக்குத் தலையாட்டவில்லை. குழுவில் இல்லாத பெண்களுக்கும் சேர்த்துத்தான் கூலி ஏறியது.

பென்னாகரத்திலிருந்து

நான் ஆண், வாத்தியார். எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனாள். ஹாஸ்டல், ஷிப்டு. ஊர் பேசாத பேச்சில்லை. அவள் தங்கை பத்தாவது படிக்கும்போதே மாப்பிள்ளை பார்த்தார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணலாமா என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பண்ணவில்லை. தீபாவளிக்கு வந்த அக்காக்காரி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "அவ செலவு என்னுது, படிக்கட்டும்." மாதாமாதம் பணம் அனுப்புகிறவள் சொல்லும்போது அப்பனால் மறுக்க முடியவில்லை.

தங்கை இப்போது நர்சிங் இரண்டாம் வருடம். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த அக்கா லீவில் ஊருக்கு வந்தால், நைட் ஷிப்டு முடித்து வந்த தூக்கக் கண்ணோடு அடுப்படியில்தான் நிற்கிறாள். தம்பி கட்டிலில் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

பாலக்கோட்டிலிருந்து

சார், எங்கள் வீட்டிலும் மாட்டுக்குத் தீவனம் போடுவது, பால் கறப்பது எல்லாம் அம்மா. பால் பணம் வாங்கப் போவது மட்டும் ரொம்ப நாள் அப்பாதான். சொசைட்டி அட்டையை அம்மா பெயருக்கு மாற்றவே தனியாக ஒரு சண்டை நடந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.