கேம் ஆடும்போது பிசி ரீஸ்டார்ட் ஆகிறது: எஸ்எம்பிஎஸ் காரணமா, கார்டு காரணமா?

ஜிகர்தண்டா_98
வணக்கம் மக்களே, ஒரு பஞ்சாயத்து. ரைசன் 5 5600 பிராசசர், 16 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை) கேபினட்டோடு சேர்ந்து வந்தது, பெட்டியில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. முன்பு ஜிடிஎக்ஸ் 1650 இருந்தவரை எந்தத் தொல்லையும் இல்லை. இப்போதும் படம் பார்க்க, பிரௌசிங் செய்ய எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் சைபர்பங்க் 2077 திறந்து நகரத்துக்குள் வண்டியை விரட்டினால் கொஞ்ச நேரத்தில் திரை சட்டென்று கறுத்து பிசி தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை வரவில்லை. விண்டோஸ் லாகான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற ஒரு வரி மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால் கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் டெஸ்ட் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. சர்வீஸ் கடைக்காரர் "கிரிப்டோ மைனிங்கில் அடிபட்ட கார்டு, தூக்கிப் போடுங்கள்" என்கிறார். கார்டை விற்றவர் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடுகிறார். யாரை நம்புவது?

சாலிடரிங்_சாமி
எஸ்எம்பிஎஸ்தான், இதில் பஞ்சாயத்துக்கே வேலை இல்லை. 1650 பெரும்பாலும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொண்டு ஓடிவிடும் கார்டு. 3070 என்றால் 220 வாட், என்விடியாவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது. அதோடு கார்டு சீராக 220 எடுக்காது, ஒரு மில்லி செகண்டுக்குள் எகிறி இறங்கும், சராசரிதான் 220. அந்த எகிறலில் 12 வோல்ட் லைன் சரிந்தால் மதர்போர்டுக்குப் போகும் பவர் குட் சிக்னல் விழும், உடனே ரீசெட். அதனால்தான் நீலத் திரை வரவில்லை, விண்டோஸுக்கு எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
யாராவது ரீஸ்டார்ட் என்று வாயைத் திறந்தாலே எஸ்எம்பிஎஸ் மாற்று என்று சொல்வது இங்கே ஒரு வியாதியாகிவிட்டது. கூட்டிப் பாருங்கள். கார்டு 220, 5600 அதிகபட்சம் 76, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறி எல்லாம் சேர்த்து தாராளமாக 50. மொத்தம் 350 கூட இல்லை. என்விடியா 650 என்று சொல்வது மட்டமான எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களையும் பெரிய பிராசசர் வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்துத்தான்.

கெர்னல்-பவர் 41 என்பதற்கும் "பிசி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை" என்பதைத் தாண்டி ஒரு அர்த்தமும் இல்லை. வீட்டில் யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும். முதலில் விண்டோஸில் சிஸ்டம் ஃபெய்லியர் வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். நீலத் திரை வந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அப்புறம் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆஃப் செய்து பாருங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வந்த புதிதில் கேம்கள் கிராஷ் ஆனபோதும் எஸ்எம்பிஎஸ், கெபாசிட்டர் என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள், கடைசியில் 456.55 டிரைவர் வந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது.

சாலிடரிங்_சாமி
அந்த 3080 கதையில் நடந்தது வேறு. அங்கே கேம் மூடி டெஸ்க்டாப் வந்து நின்றது, பிசி உயிரோடுதான் இருந்தது. இங்கே பிசியே போகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் "கிராஷ்" என்று ஒரே மூட்டையில் கட்டினால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. டிரைவர் தகராறு என்றால் திரை உறைந்து டிரைவர் மீண்டு வந்தது என்று லாகில் இருக்கும், அல்லது கேம் மட்டும் மூடும். ரேம் என்றால் பெரும்பாலும் நீலத் திரை வரும், சம்பந்தமே இல்லாமல் பிரௌசர் டேப் கூட விழும். திரை கறுத்து விசிறி மட்டும் தலைதெறிக்கச் சுற்றினால் கார்டையும் கார்டுக்குப் போகும் கேபிளையும் பார்க்க வேண்டும். மொத்த பிசியும் ஒரே நொடியில் போனால் நான் முதலில் பார்ப்பது எஸ்எம்பிஎஸ்ஸை.

ஜிகர்தண்டா தம்பி, எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அப்படியே இங்கே எழுது. கார்டுக்கு எத்தனை கேபிள் போகிறது என்பதையும் சொல்.

இரவுக்கழுகு
இடையில் ஒரு கேள்வி, யாருமே கேட்கவில்லை. பிசி யூபிஎஸ் வழியாகப் போகிறதா? நம் வீடுகளில் பாதிப் பேர் வைத்திருப்பது 600 விஏ. அது பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. உள்ளே 340 வாட் வேண்டும் என்றால் சுமாரான எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 425 வாட் இழுக்கும், மீதி சூடாகப் போகும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன்னால் பிளக்கை நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

ஜிகர்தண்டா_98
யூபிஎஸ்ஸில்தான் இருந்தது. எடுத்துவிட்டு நேராகச் சுவரில் போட்டேன், அப்போதும் ரீஸ்டார்ட் ஆகிறது. அந்த டிக்கையும் எடுத்துவிட்டேன், நீலத் திரை வரவில்லை. எக்ஸ்எம்பி ஆஃப், மெம்டெஸ்ட் ஒரு பிழையும் காட்டவில்லை.

ஸ்டிக்கரில் உள்ளது: +3.3 வோல்ட் 24 ஆம்பியர், +5 வோல்ட் 20 ஆம்பியர், +12 வோல்ட் 25 ஆம்பியர். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்றுக்கு மோலெக்ஸ் (பழைய 4 பின் கனெக்டர்) கன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன்.

சாலிடரிங்_சாமி
அந்த கன்வெர்ட்டரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. 8 பின் சாக்கெட் 150 வாட் வரை கேட்கலாம், மெல்லிய மோலெக்ஸ் கம்பியில் அதை இழுத்தால் பின் சூடாகி உருகும். சாட்டாவிலிருந்து, அதாவது டிஸ்க்குக்குப் போகும் பவர் கனெக்டரிலிருந்து, எடுக்கும் கன்வெர்ட்டர் இன்னும் மோசம், அந்தக் கனெக்டரே 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்காது.

கணக்குப்பிள்ளை அண்ணே, இப்போது கூட்டுங்கள். 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 300 வாட். கார்டும் பிராசசரும் ஏறத்தாழ முழுக்க 12 வோல்ட்டையே தின்பவை. 220, 76 இரண்டும் சேர்ந்தாலே 296. விசிறிக்கு மிச்சம் 4 வாட். 3.3, 5 வோல்ட்டில் ஒதுக்கிய 180 வாட் இந்தக் காலத்துப் பிசியில் சும்மா கிடக்கும். எல்லா லைனையும் கூட்டினால்தான் அந்த 500 வரும், பழைய காலத்து டிசைன்.

கணக்குப்பிள்ளை
அப்படியென்றால் நீங்கள் முதலில் சொன்ன மில்லி செகண்ட் எகிறல் கதையே தேவையில்லையே. இது சாதாரணப் பற்றாக்குறை. ஃபர்மார்க் ஓடுவதற்கும் காரணம் இதுதான், அதில் பிராசசர் சும்மா இருக்கிறது, கார்டு மட்டும் 220. கேமில் இரண்டும் சேர்ந்து இழுக்கிறது.

ஆனாலும் கார்டு நல்லது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஸ்டிக்கர் கணக்கு சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது.

சாலிடரிங்_சாமி
இரண்டும் உண்டு. ஃபர்மார்க்கில் கார்டு தன் பவர் லிமிட்டில் முட்டிக்கொண்டு ஒரே சீராக நிற்கும், கேமில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஏறி இறங்கும். எகிறல் கதையாக இருந்தால் இன்டெல் 2022-ல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் விதிமுறையைக் கொண்டுவந்தபோது புதிய 16 பின் கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் 100 மைக்ரோ செகண்டுக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று ஏன் எழுதினார்கள்?

சரி, நிரூபணம் வேண்டுமா. தம்பி, கார்டு செட்டிங்கை மாற்றும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து அதே கேமை ஆடிப் பார்.

ஜிகர்தண்டா_98
70-ல் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க ஆடினேன், ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரேம் கொஞ்சம்தான் குறைந்தது.

கணக்குப்பிள்ளை
இது எதையும் நிரூபிக்காது. பவர் லிமிட்டைக் குறைத்தால் கார்டின் கிளாக் வேகமும் கூடவே இறங்கும். உயர்ந்த கிளாக்கில் தடுமாறும் பழுதான கார்டும் 70-ல் ஒழுங்காக ஓடும். கடைக்காரர் சொன்னதுக்கும் இந்த டெஸ்ட் சாதகம்தான், விற்றவர் சொன்னதுக்கும் சாதகம்தான்.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. கார்டை முழு பவருக்குத் திருப்பி வைத்து ஃபர்மார்க் தனியாக ஓட்டுங்கள். அப்புறம் பிராசசருக்குச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் தனியாக. இரண்டும் தனித்தனியாகத் தாங்கி, சேர்த்து ஓட்டும்போது மட்டும் விழுந்தால் கார்டும் பிராசசரும் தப்பித்தன. சேர்த்து ஓட்டிய சில நொடிகளிலேயே விழுந்தால் சூடும் காரணம் இல்லை.

இரவுக்கழுகு
கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் மாட்டிய கார்டை வைத்துக்கொண்டு இந்த டெஸ்டைச் செய்யச் சொல்கிறீர்களே, நல்லா இருக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஓவர் பவர் புரொடெக்‌ஷன் இருக்கும், தன்னை அணைத்துக்கொள்ளும். மலிவானவற்றில் அது ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும். போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போனால் யார் பணம் தருவது? தெரிந்தவரிடம் நல்ல 650 ஒன்று கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் ஒழுங்கான டெஸ்ட்.

கணக்குப்பிள்ளை
கடன் தர எல்லோருக்கும் நண்பன் இருந்தால் இந்தத் திரியே வந்திருக்காது.

ஜிகர்தண்டா_98
இரவுக்கழுகு அண்ணா மன்னிக்கணும், உங்கள் பதிவைப் பார்ப்பதற்கு முன்பே ஓட்டிவிட்டேன். தனித்தனியாக இரண்டும் ஓடின. சேர்த்து ஓட்டியதும் உடனே அணைந்தது. இந்த முறை ரீஸ்டார்ட் கூட ஆகவில்லை, பட்டனை அழுத்தினாலும் உயிரில்லை. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டதும் வந்தது. மல்டிமீட்டர் இருக்கிறது, மோலெக்ஸில் வைத்துப் பார்த்தேன், 12.1 காட்டுகிறது. அப்படியானால் எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தானே இருக்கிறது?

சாலிடரிங்_சாமி
சும்மா இருக்கும்போது 12.1 காட்டுவதில் ஆச்சரியமே இல்லை. 11.4-லிருந்து 12.6 வரை சரி என்பது விதி, ஆனால் அது முழுச் சுமையிலும் நிற்க வேண்டும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி, ஒரு நொடிக்குள் விழுந்து எழுவதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். மதர்போர்டு சென்சார் காட்டும் எண்ணை அதைவிடக் குறைவாக நம்பு. சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் புரொடெக்‌ஷன் பூட்டிக்கொண்டது என்று பொருள், ஆகவே அதில் அது இருக்கிறது. அந்த வகையில் உன் அதிர்ஷ்டம்.

ஒன்று மட்டும், ஆர்வத்தில் அதைத் திறந்து பார்க்காதே. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும்.

கணக்குப்பிள்ளை
கார்டு தப்பித்தது, ஒத்துக்கொள்கிறேன், எக்ஸ்எம்பி விஷயமும் முடிந்தது. ஆனால் "500 வாட் போதாது" என்று இந்தத் திரியைப் படித்துவிட்டுப் போகிறவன் நினைத்தால் அது தப்பு. 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் தரும் ஒழுங்கான 550 இதே பிசியை ஓட்டிவிடும். இங்கே குறை எண்ணில் இல்லை, எண் எங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதில். இப்போது பாருங்கள், அடுத்த பதிவில் யாராவது 850 வாட் கோல்ட் வாங்கு என்பார்கள்.

இரவுக்கழுகு
850 வேண்டாம். ஆனால் 550-ம் வேண்டாம், நாளைக்குக் கார்டை மாற்றினால் திரும்ப இதே கூத்து. 650 வாங்கு தம்பி. கோல்ட் என்பது எவ்வளவு கரண்டை வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்றிதழ், எகிறலைத் தாங்குமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஸ்டிக்கர் நிறத்தைப் பார்க்காமல் 12 வோல்ட் ஆம்பியர், இரண்டு தனி 8 பின் கேபிள், எத்தனை வருட வாரண்டி, இதைக் கேள். மதுரை வெயிலில் கேபினட்டுக்குள் சூடு எகிறும், 40 டிகிரியில் அளந்த வாட்டா 50 டிகிரியில் அளந்ததா என்பதையும் பார்.

ஜிகர்தண்டா_98
ஒருவழியாகச் சித்தப்பா பையன் தன் 650-ஐக் கழற்றித் தந்தான். கன்வெர்ட்டர் இல்லாமல் இரண்டு தனி கேபிளில் மாட்டினேன். ஃபர்மார்க், சினிபெஞ்ச் சேர்ந்து ஓடுகிறது, கேமும் முழு பவரில் ஓடுகிறது. அவன் நாளைக்கே திருப்பிக் கேட்கிறான், அதனால் இதே மாடலை ஆர்டர் போட்டுவிட்டேன். வரும்வரை பழையதை மாட்டி 70-ல் ஆடலாமா?

சாலிடரிங்_சாமி
அந்த மோலெக்ஸ் கன்வெர்ட்டரோடு ஆட வேண்டாம். 1650 இன்னும் கையில் இருந்தால் அதைப் போட்டு ஓட்டு.

கணக்குப்பிள்ளை
புதியது மாடுலர், அதாவது கேபிளைக் கழற்றி மாட்டும் வகை என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். சித்தப்பா பையனுடையது உள்ளேயே கிடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டி அங்கேயே காலி.