மாணவர் அணிகள் வெளியாட்களுக்குச் செய்து கொடுத்த சாஃப்ட்வேர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொங்கு வாத்தியார்

மூன்றாம் ஆண்டு பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, வெளியே நிஜமான ஆட்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தர அனுப்புகிறேன். ஆறு வருடமாக நடக்கிறது. ரிவ்யூ, வைவா, ரெக்கார்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விடுங்கள். ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட். ஓனர் ஒரு அம்மா. சனிக்கிழமை சம்பளக் கணக்குக்கு ஒரு ஆப் கேட்டார். பசங்கள் செய்தார்கள். டெமோ முடிந்ததும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று லெட்டர் பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தார். அணிக்கு நல்ல மார்க்.

ஒன்றரை மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். சனிக்கிழமை சாயங்காலம். மேசையில் லேப்டாப், பக்கத்திலேயே பழைய நீள நோட்டு, கால்குலேட்டர். ஒரு டெய்லரின் கணக்கை நோட்டில் போட்டு முடித்தார். 4320 ரூபாய். ஆப்பில் அதே ஆளுக்கு 2880 என்று காட்டியது. அவர் "இதர படி" என்ற கட்டத்துக்குப் போய், ஒரு விரலால் தேடித் தேடி 1440 அடித்தார். இப்போது மொத்தம் சரியாக வந்தது. அடுத்த ஆளுக்குப் போனார்.

காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை நின்றால் திருப்பூரில் அது ஒன்றரை ஷிப்ட். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆப்பில் இருந்ததோ வந்தார், வரவில்லை, அரை நாள் என்று மூன்றே பட்டன்.

"டெமோ அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"பசங்க அவ்வளவு மெனக்கெட்டுருக்காங்க. மார்க்குப் போடுற நேரத்துல எப்படிங்க சார் குறை சொல்றது?"

ஆறு வாரமாக ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட லெட்டர் என் ஃபைலில் இருக்கிறது.

மதுரை 2019 பேட்ச்

எங்களுடையது ஒரு மெஸ். தமிழில் பில் வேண்டும் என்றார் முதலாளி. லேபில் பிடிஎஃப் எடுத்துப் பார்த்தோம், அழகாக வந்தது. மதியம் ஒரு மணிக் கூட்டத்தில் அவருடைய தெர்மல் பிரிண்டரில் முதல் பில் போட்டோம். விலை மட்டும் சரியாக வந்தது, சாப்பாடு, ஆம்லெட் இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. அந்த மாதிரி பிரிண்டருக்குள் தமிழ் எழுத்தே கிடையாது, எழுத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பில்லைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, பேனாவால் "சாப்பாடு 2, ஆம்லெட் 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து சரி செய்தோம். ஆனால் எனக்கு நினைவில் இருப்பது அந்தப் பேனாதான்.

நைட் ஷிப்ட் டெவலப்பர்

வாத்தியார் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாவின் நல்ல மனசை எழுதியிருக்கிறீர்கள், சரி. மூன்று ரிவ்யூவும் எங்கே நடந்தன? செமினார் ஹாலில், பிபிடி போட்டு. அதில் ஒன்றையாவது சனிக்கிழமை சாயங்காலம் அந்த யூனிட்டில் வைத்திருந்தால் ஒன்றரை ஷிப்ட் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். மார்க் போடுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

என் கதை சின்னது. ஒரு டிரஸ்ட் பள்ளிக்கு நூலக சாஃப்ட்வேர் செய்தோம். எல்லாமே எங்களில் ஒருவனுடைய மெயில் கணக்கில் ஓடியது. அவன் மேல்படிப்புக்குப் போனான், சாஃப்ட்வேரை இணையத்தில் வைத்திருந்த இலவச ஹோஸ்டிங் நின்றது, எச்சரிக்கை மெயில் வந்த கணக்கை அவன் திறக்கவே இல்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த நூலகர் உட்கார்ந்து டைப் செய்த புத்தகப் பட்டியல் போய்விட்டது.

அதனால் சொல்கிறேன். லெட்டர் பேடில் சான்று வாங்குவதை நிறுத்துங்கள். பழைய நோட்டின் கடைசி மூன்று வாரக் கணக்கை வாங்கி, ஒரு வரி விடாமல் ஆப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மொத்தம் நோட்டோடு ஒத்துப்போனால் மார்க். டொமைன் என்கிற இணைய முகவரி, ஆப் ஓடுகிற சர்வர், மெயில் கணக்கு எதுவும் மாணவர் பெயரில் இருக்கக் கூடாது, முதல் நாளே வாடிக்கையாளர் பெயரில் தொடங்குங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி அவர் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். எல்லா விவரமும் வாரம் ஒருமுறை எக்செல் ஃபைலாக அவர் கம்ப்யூட்டரில் இறங்க வேண்டும். ஆப் செத்தாலும் கணக்கு கையில் இருக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரு செமஸ்டரோடு அணியைக் கலைக்காதீர்கள். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-ல் எபிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. சமூக அமைப்புகளுக்கு மாணவர்கள் வேலை செய்து தரும் பாடம். அங்கே முதலாண்டு முதல் கடைசி ஆண்டு வரை எல்லோரும் ஒரே அணியில் இருப்பார்கள். சீனியர் போனாலும் அந்த அமைப்போடு பழகிய ஜூனியர் அடுத்த செமஸ்டரிலும் இருப்பான். நம் ஊரில் வைவா முடிந்த மறுநாள் வாடிக்கையாளர் அநாதை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ரெண்டு பேரை ஒவ்வொரு அணியிலும் போடுங்கள், செலவே இல்லாத வேலை.

மேடவாக்கம் கேன் வாட்டர்

நான் மறுபக்கத்து ஆள். எங்களுக்கு ஆப் செய்ய வந்தார்கள். மேலே நைட் ஷிப்ட் தம்பி டொமைன், சர்வர் எல்லாம் எங்கள் பெயரில் இருக்கட்டும் என்கிறார். தம்பி, டொமைன் என்றால் என்ன என்று எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தர யாராவது இருந்தால்தானே நான் அதை வைத்திருக்க முடியும்? பீரோவில் தாள் கிடக்கும், என்ன செய்வது என்று தெரியாது.

வந்தது ஆறு பேர். ஐடி கார்டு மாட்டிக்கொண்டு, காலை ஏழரை மணிக்கு, வண்டி லோடு ஏறும் நேரத்தில். ஐந்து பேர் செல்போனில் ஆர்டர் போடுகிற ஆப் பற்றியே பேசினார்கள். ஒரு பொண்ணு மட்டும் பேசவில்லை. மறுநாள் தனியாக வந்து, "அங்கிள், ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மதியம் வரை கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. போன் வரும்போதெல்லாம் நோட்டில் கோடு போட்டது. எழுந்து போகும்போது காட்டியது. புது ஆர்டர் கொஞ்சம்தான். பாக்கிக் கோடெல்லாம், "எங்க வீட்டுல ரெண்டு காலி கேன்தான் இருக்கு, நீங்க மூணுன்னு எழுதிட்டீங்க" என்ற சண்டை.

பதினாலு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் தலைவலி காலி கேன் கணக்கு என்று நானே அவர்களிடம் சொல்லவில்லை. கேட்டால் ஆர்டர் ஆப் வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆர்டர் பக்கத்தை இப்போது யாரும் தொடுவதில்லை. காலி கேன் பக்கம் தினமும் ஓடுகிறது. டெலிவரி பையன் வாசலிலேயே எண்ணி, வீட்டுக்காரர் முன்னால் அழுத்திவிட்டு வருகிறான்.

இப்போது ஹைதராபாத்

அணியில் நாலு பேர், வேலை செய்தது நான். எல்லா அணியிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். எங்கள் வாடிக்கையாளர் ஊரில் விதைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவரிடம் இருந்தது என் நம்பர் மட்டும்தான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் கூப்பிடுவார். ஸ்டாக் மைனஸில் காட்டுகிறது, தேதி மாறிவிட்டது என்று. ஒன்றரை வருடம் எடுத்தேன். ஒரு நாள் ராத்திரி ரிலீஸ் வேலை நடந்துகொண்டிருந்தது, மேனேஜர் பக்கத்தில். போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "தம்பி, வேலையா இருப்பீங்க. ஒண்ணும் அவசரம் இல்ல, நோட்டுல எழுதிக்கிறேன்." அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. அந்த மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கடைக்கு நேரில் போகப் போகிறேன்.

கொங்கு வாத்தியார்

நைட் ஷிப்ட் தம்பி சொன்ன ரிவ்யூ விஷயம் சரி. என் மேல்தான் தப்பு. இந்த செமஸ்டர் இரண்டாவது ரிவ்யூவை யூனிட்டிலேயே வைத்தேன். மேடவாக்கம் ஐயா சொன்ன ஸ்டூலை அடுத்த அணியிலிருந்து கட்டாயமாக்கப் போகிறேன். ஹைதராபாத் தம்பி, கட்டாயம் போய்விட்டு வாருங்கள்.

அந்த அம்மாவின் ஆப்பில் கால், அரை, ஒன்றரை எல்லாம் சேர்த்தாகிவிட்டது. நோட்டை இப்போதைக்கு மூட வேண்டாம், நாலு வாரம் ரெண்டையும் ஒத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தோம். போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவரே போன் செய்தார்.

"சார், ஒரு ஆளுக்கு 50 ரூபா உதைக்குதுங்க. நோட்டுல சரியா இருக்கு, உங்க பசங்க போட்டதுதான் தப்பு. நாளைக்கு வரச் சொல்லுங்க."